உறிஞ்சும் குழாய்

பகல் பதினொன்று. சிட்னியின் மேற்கே, கிரேஸ்டேன்ஸில்
டிசம்பர் நாற்பது டிகிரி.
இந்தச் சூட்டில்தான் அவை இறங்கி வரும்.
உச்சிக்கிளையில் கொழுந்தைச் சப்பிக்கொண்டிருந்த
வெண்கல நிற நாவாய்ப்பூச்சிகள்
வெயில் தாளாமல்
அடிமரத்தின் நிழல்பக்கம் அப்பிக்கொள்ளும்,
ரயில் நிலையக் கூரைக்கடியில் ஒதுங்கிய கூட்டம் போல
ஒன்றையொன்று பார்க்காமல்.

பழைய வேக்குவம் கிளீனரை,
ஈரத்தையும் இழுக்கும் வகை,
சமையலறைச் சன்னல் வழியே ஒயர் நீட்டி
புல்லுக்கு இழுத்து வருகிறேன்.
வயிற்றில் இரண்டு அங்குலம் சோப்புத் தண்ணீர்.
பல் மருத்துவரிடம் பத்தொன்பது வருடம்
எச்சில் உறிஞ்சும் குழாய் பிடித்த கை இது.
எந்த வாயிலும் மூலை எங்கே என்று தெரியும்.
"கொஞ்சம் அகலமாகத் திறங்கள்" என்கிறேன்
கிளைக் கவட்டிடம்.

டப். டப். டப்.
உலர்ந்த பட்டாணி தகரத்தில் விழும் சத்தம்.
எண்ணுகிறேன்.
எண்ணாமல் இருக்கத் தெரியாது எனக்கு.

ஜூலையில் இவை பச்சை.
இலைக்கடியில், தட்டையாக,
வெளிச்சம் ஊடுருவும் மெலிசில்.
அப்போதே தேய்த்து எறிந்திருக்க வேண்டும்.
அப்போது ஆரஞ்சு இனித்தது,
தின்றுகொண்டிருந்தேன்.
செப்டம்பரில் செம்மஞ்சள். இப்போது வெண்கலம்.
பழத்தைவிடப் பொறுமையாகப் பழுக்கின்றன.

மற்றவற்றோடு ஒருமாதிரி ஒத்துப்போய்விட்டேன்.
இலைக்குள் வெள்ளிக்கோடு கிழிக்கிற புழு
கிழித்துவிட்டுப் போகட்டும்.
செதில்பூச்சிக்கு எண்ணெய்த் தெளிப்பு, வெயில் தாழ்ந்த பிறகு.
அதன் தேனை நக்க ஏறும் எறும்புக்கு
மரத்தின் இடுப்பில் பசைப்பட்டை.
கரும்பூஞ்சையை, நேரமிருந்தால்,
ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பேன்.
இவற்றோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

நாற்பத்து மூன்றாவது பூச்சி
திரும்பிப் பார்த்தது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
பிறகு கண்ணில் நெருப்பு.

மால்டீஸில்தான் கத்தியிருப்பேன்.
என்னிடமிருக்கும் கெட்ட வார்த்தைகளெல்லாம் அதில்தான்.

வேலிக்கு அந்தப்பக்கம் யோனான்.
பதினாலு மாதமாகப் பேச்சில்லை.
அவன் நீச்சல்குளத்தில் என் ஆரஞ்சுகள் விழுகின்றன,
வடிகட்டி அடைத்துக்கொள்கிறது,
நகராட்சிக் கடிதம் ஒன்று
என் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

வேலி தாண்டி வந்தது ஆள் இல்லை, தண்ணீர்.
வெயிலில் கிடந்த ஹோஸ்,
முதல் வாளியளவு கொதித்தது,
அப்புறம்தான் குளிர்ந்தது.
"கண்ணைத் திற" என்றான்.
"அகலமாகத் திற."
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே
பதினைந்து நிமிடம் பிடித்தான்.
நன்றி சொன்னேனா, நினைவில்லை.
அவன் சொன்னது நினைவிருக்கிறது:
"கண்ணாடி போடாமலா?"
பிறகு குழாயை முறுக்கி மூடும் சத்தம்.

மறுநாள் வேலிக் கம்பத்தில்
இளஞ்சிவப்பு நீச்சல் கண்ணாடி தொங்கியது.
ஏழு வயசுத் தலைக்கு அளவெடுத்தது.
பட்டை என் நெற்றியை நெரித்தது,
மரம், வானம், யோனானின் துணிக்கொடி
எல்லாம் ரோஜா நிறம்.
அன்றைக்கு ஐம்பத்தெட்டு.

சனிக்கிழமை ரம்பத்தோடு ஏணியில் நிற்கிறேன்,
கடிதம் குறிப்பிடுகிற கிளைக்கு நேராக.
கோலிக்குண்டு அளவில் பச்சைக் காய்கள்,
எண்ணவில்லை, எண்ணிவிட்டால் வெட்ட வராது.
கீழே குளத்தில் மல்லாந்து மிதக்கும் சிறுமி
என் முகத்தையே பார்க்கிறாள்.
"அது என்னுடையது. எப்போது தருவாய்?"
பூச்சி முடியட்டும், பிப்ரவரியில், என்றேன்.
"அதுவரைக்கும் நான்
கண்ணை மூடிக்கொண்டா நீந்துவது?"

ரம்பத்தைக் கிளையில் மாட்டிவிட்டு
பட்டையைக் கழற்றப் பார்த்தேன்.
முடியில் சிக்கிக்கொண்டது.